செயின் அண்ணன் கொண்டுவந்த சீர்த்தட்டு

இதை எழுதிவிடலாம் என்று காகிதத்தை எடுத்து வைப்பேன். கொஞ்ச நேரம் மேலே பார்ப்பேன். பிறகு அதே காகிதத்தில் பால் கணக்கைக் கிறுக்கிவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்படியே பல வருடம் ஓடிவிட்டது. தயக்கத்துக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் சம்பந்தி வீட்டார் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவர்கள். வெள்ளகோவிலில் அவர்கள் வாங்குகிற பத்திரிகை தெரு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பழைய பேப்பர்காரரிடம் போகும்.

போன மாதம் மருதமலைக்குப் போயிருந்தோம். சன்னதியில் நின்று, "முருகா, எழுதட்டுமா வேண்டாமா?" என்று மனசுக்குள் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் செல்போனில் யாரிடமோ, "எழுதிப் போடுங்க, வாரது வரட்டும்" என்றார். அவர் எதைச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

கோயமுத்தூரில் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சைக்கிளில் செயின் ஒன்றுதான் நிஜம், மற்ற பாகமெல்லாம் அதைத் தாங்குவதற்காக ஆண்டவன் படைத்த ஸ்டாண்டு என்று நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவரை எங்கள் தெருவில் செயின் அண்ணன் என்போம். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஓட்டுச்சாவடியில் அவருடைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, அவரே திரும்பிப் பார்த்து "யாருங்க அது?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

அப்போது நாங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. எங்களுக்கு ஒரே பெண், சுகன்யா. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் செயின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருமுனை ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவல் வேலை. வீட்டிலிருந்து அந்த ஏ.டி.எம். கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் சைக்கிளில்தான் போவார்.

சனிக்கிழமை ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் அல்லவா? அவர் வீட்டில் எண்ணெய்க் குளியல் செயினுக்குத்தான். காலையில் செயினைக் கழற்றி, பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு, லாரி ஷெட்டில் சும்மா வாங்கி வந்த கொஞ்சம் டீசலில் ஊறவைப்பார். பிறகு பல் துலக்கும் பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். அப்புறம் அரப்புத்தூள். ஆமாம், நாம் தலைக்குத் தேய்க்கிற அதே அரப்புத்தான். டீசல் பிசுக்கை எடுக்க அதைவிடச் சல்லிசான சாமான் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. கழுவி, திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வருகிற வேஸ்ட் துணியால் துடைத்து, வெயிலில் காயப்போடுவார். காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய். அதைக் காது மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பார். கண்ணிக்கு ஒரு சொட்டு. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்.

அதோடு விட்டாரா? ஊற்றிய எண்ணெயை உட்கார்ந்து துடைப்பார். துடைத்ததையே மறுபடியும் துடைப்பார். "ஊத்தறதும் நீங்களே, துடைக்கறதும் நீங்களேன்னா எதுக்குங்கண்ணா ஊத்தறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளாற போனது எண்ணெய் அம்மணி. வெளிய நிக்கறது அழுக்குக்கு அழைப்பு" என்றார்.

சனிக்கிழமை அன்றைக்கு அவர் சைக்கிளில் ஏறமாட்டார். எண்ணெய் தேய்த்த உடம்புக்கு அன்று அலைச்சல் ஆகாதாம்.

அவர் செயினுக்குச் செலவு செய்ததாக யாரும் பார்த்ததில்லை. பிரஷ் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒருவரும் பழைய பல் பிரஷைக் குப்பையில் போடக்கூடாது என்பது எழுதாத சட்டம். நாம் பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார். ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். செயின் அண்ணன் பக்கத்தில் போய் நின்று, உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாரெல்லாம் அக்கட்டால இக்கட்டால சாஞ்சுபோச்சுங்களே. இன்னும் எத்தனை நாளைக்குங்க இதை வெச்சிருப்பீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் வாயில் நுரையோடு, "வாய் கொப்புளிச்சுக்கட்டுமுங்களா, இல்லை இப்பவே வேணுமுங்களா?" என்று கேட்டார். "கொப்புளிச்சே குடுங்க, அவசரமில்லீங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

தையல் மிஷின் எண்ணெய்க்கு வந்து சேர்வதற்கு முன்னால் அவர் படாத பாடு இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டார். மார்கழிக் குளிரில் அது உறைந்துபோய், பெடல் மிதித்தால் செயின் வருவேனா என்றது. நல்லெண்ணெய் போட்டார். பிறகு சைக்கிளைத் தேடிய இடத்தில் எறும்பு வரிசைதான் தெரிந்தது. வேப்பெண்ணெய் போட்ட வாரம், அவர் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

கடைசியாக என்னிடம் வந்தார். நான் காலையும் மாலையும் விளக்கேற்றுகிறவள். அகலில் மிச்சம் நிற்கிற எண்ணெயைத் தருவீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி எண்ணெயைச் சைக்கிளுக்கா கேக்கறீங்க?"

"சாமிக்கும் வாகனம் இருக்குதுங்களே அம்மணி."

"மயிலுக்கு யாராச்சும் எண்ணெய் போடறாங்களா?"

"மயிலுக்குச் செயின் இல்லீங்களே" என்றார். நான் கொடுக்கவில்லை. ஆனால் அன்று பூசையில் உட்கார்ந்தபோது முருகன் படத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்து, மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கழுத்தில் போடுகிறதும் செயின்தான், சைக்கிளில் ஓடுகிறதும் செயின்தான். இரண்டுக்கும் ஒரே சொல். செயின் அண்ணனுக்கு அதில் ஒரு சொல்தான் தெரியும். இன்னொன்று இருப்பதே அவர் நினைவில் நிற்காது.

தன் செயின் முடிந்துவிட்டால் கை சும்மா இருக்காது. வீடு வீடாகப் போய்ச் சைக்கிள் செயினைத் துடைத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர் வரிசைக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணின் வாசலில் சைக்கிள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். கையில் கட்டிங் பிளேயரோடு போய்க் கதவைத் தட்டி, கதவு திறந்ததும், "அம்மணி, செயினைக் கழட்டிறலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் தாலிச் செயினை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சமாதானம் சொன்னார். "பயப்படாதீங்க, நம்ம அண்ணன்தானுங்க. கழட்டித் தேச்சு, பளபளன்னு ஆக்கி, அப்படியே திருப்பிக் குடுத்துருவாருங்க."

"அதையேதானுங்க நானும் சொல்றேன்! பாலிஷ் போட்டுத் தாரேன்னு நகையைக் கொண்டுட்டுப் போற கூட்டம்!" என்று அந்தப் பெண் இன்னும் ஒரு கட்டை மேலே போய்க் கத்தினாள்.

செயின் அண்ணன் நடுவில் நின்று, "பாலிஷ் இல்லீங்க, டீசலுங்க" என்று திருத்தினார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். விளக்குமாறு ஒன்று சம்பந்தப்பட்டிருக்கிறது.

மழைக்காலத்தில் செயின் காயாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஏ.டி.எம். உள்ளே ஏ.சி. சும்மா ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா? அதன் கீழே, மிஷினுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டிச் செயினைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். பென்ஷன் எடுக்க வந்தவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். மிஷினுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி. "செயின் போட்டுப் பூட்டிப்போட்டாங்களாட்ட. பணம் இல்லையாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வரிசையாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அண்ணனுக்குப் பெரிய ஆச்சரியம். "இன்னைக்கு ஒருத்தருக்கும் பணமே தேவைப்படலீங்க அம்மணி. ஜனங்க திருந்திட்டாங்களாட்ட இருக்குது" என்று என்னிடம் வந்து சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். அடுத்து நடந்தது அப்படி இல்லை. அது என் பெண்ணின் வாழ்க்கை.

சுகன்யாவுக்கு வரன் வந்தது. பையன் கார்த்தி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா அப்பா இல்லாத பிள்ளை. வெள்ளகோவிலில் இருக்கும் அவனுடைய அத்தைதான் எடுத்து வளர்த்தவர். அவர் தலையசைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பே எரியும். எங்களுக்குப் பெரிதாக நகை நட்டுச் செய்ய வசதி கிடையாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அத்தை, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. பொண்ணைக் குடுத்தாப் போதும்" என்றார். அன்றைக்கே நான் மருதமலை முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

நிச்சயத்தன்று தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செயின் அண்ணனிடம் மட்டும் நான் தனியாகச் சொல்லியிருந்தேன். "அண்ணா, இன்னைக்கு ஒரு நாளைக்குப் பொட்டாட்ட உக்காந்திருங்க. செயின் பேச்சே எடுக்காதீங்க." அவரும் வாயைக் கையால் பொத்திக்காட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்தார்.

விதியைப் பாருங்கள். நான் அத்தையை உள்ளே அழைத்துப்போய் ஒப்புட்டுப் போளி வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையிடம் பேச்சுக்கு, "கம்பெனிக்கு எதுலைங்க போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை, "சைக்கிளுங்க மாமா. ரூம் பக்கந்தானுங்க. என்ன, செயின்தான் அடிக்கடி கழண்டுக்குது. துரு வேற" என்றிருக்கிறார்.

மூலையில் வாயைப் பொத்தியிருந்த கை எடுபட்டுவிட்டது. நானும் அத்தையும் கதவைத் தாண்டி வெளியே வருவதற்கும், அண்ணன் எழுந்து நின்று பேசுவதற்கும் சரியாக இருந்தது. சபை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மாப்பிள்ளை, செயினைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. செயின் என்னோட பொறுப்பு. கண்ணாலத்தன்னைக்குப் பளபளன்னு கொண்டாந்து இதே மாதிரி சபையில வெச்சுக் குடுக்கறேன்."

அதற்கு முன்னால் பேசிய சைக்கிள் பேச்சு அத்தைக்குத் தெரியாது. அவர் கேட்டது இவ்வளவுதான். அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. நான் பைத்தியக்காரி, ஒப்புட்டு நன்றாக வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரமே செயின் அண்ணன் லீவு போட்டுத் திருப்பூருக்குப் போய், மாப்பிள்ளையிடம் கேட்டு, செயினைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொழச்சுக்கும்" என்றார். அந்த நாட்களில்தான் ஒருநாள் செயினை மாட்டுகிற சின்ன லாக் காணாமல் போயிற்று. தெருவே குனிந்து தேடியது. கடைசியில் என் வீட்டுக்காரர் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிடும்போது கடைவாயில் கடித்துக் கண்டுபிடித்தார். என் அரிசி முறத்துக்குள் அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. செயின் அண்ணன் ஓடி வந்து, "லாக்குக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்ட சமயம், வெள்ளகோவிலிலிருந்து அத்தை போன் செய்தார்.

"என்ன அம்மணி, நல்லா இருக்கறீங்களா? அந்த அண்ணன் சொன்ன செயின் ஆச்சுங்களா?"

"நடந்துட்டே இருக்குதுங்கக்கா. நேத்துக்கூட ஊற வெச்சிருந்தாருங்க."

"ஊற வெச்சாரா?"

"ஆமாங்க. அழுக்கு நெம்ப ஏறியிருக்குதாமுங்க."

"ஓ, பழசுங்களா?"

"பழசுதானுங்க. ஆனா நல்ல கெட்டிங்க."

"பழசுன்னா என்னங்க அம்மணி, பழசுலதான் கெட்டி. இப்பத்தி செயினெல்லாம் நூலாட்ட வருது. நான் எதுக்குக் கேக்கறேன்னா, இவனுக்குக் கழுத்து கொஞ்சம் பெருசு. பத்துமுங்களா?"

"கழுத்துங்களா?"

"பின்னே செயினைக் காதுலயா போடுவாங்க? ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டேன். நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கலீங்க, அவிகளாப் பாத்து மாப்பிள்ளைக்குச் செயின் போடறாங்கன்னு. எல்லாத்துக்கும் பெருமைங்க!"

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீடு அத்தனைக்கும் செய்தி போயாகிவிட்டது. தங்கச் செயின் போட எங்களுக்கு வழியில்லை. இல்லை என்று இப்போது சொன்னால், பெருமையாகச் சொன்ன அந்த அம்மாள் ஒறம்பரை முன்னால் தலைகுனிய வேண்டும். அவரைத் தலைகுனிய வைத்த வீட்டுப் பெண்ணாக என் சுகன்யா அந்த வாசலில் கால் வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு விளக்கலாமே என்பீர்கள். வளர்த்த அத்தையா, இன்னும் வராத பெண்டாட்டியா என்று அந்தப் பிள்ளையை ஏன் நடுவில் நிறுத்த வேண்டும்?

என் வீட்டுக்காரர் நிதானமாக, "சொன்னது அவரு. தப்பாக் கேட்டது அந்தம்மா. நடுவுல நம்ம எதுக்கு?" என்றார்.

"நடுவுல நிக்கறது நம்ம பொண்ணுங்க" என்றேன்.

நேரே ஏ.டி.எம்.முக்குப் போனேன். செயின் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணி துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துடைப்பதை நிறுத்தினார்.

"தங்கம்னு நெனச்சுட்டாங்களாக்கும்?"

"ஆமாங்கண்ணா."

ரொம்ப நேரம் யோசித்தார். எனக்கு ஏதோ வழி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். "தங்கத்துல பண்ணுனா ஒரு மேடு ஏறாதுங்களே அம்மணி. இழுத்துக்குமே" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அண்ணா, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். கண்ணாலத்தன்னைக்கு இதைக் கொண்டாராதீங்க. பொறகு மெதுவாத் திருப்பூர் போய் மாட்டிக் குடுத்துக்கலாம்."

"சபையில சொல்லிப்போட்டேனுங்களே."

"சொன்னா என்னங்கண்ணா?"

"சபையில சொன்னாச் செய்யோணுமுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கொண்டுவருவேன் என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, பாரத்தை முருகன்மேல் போட்டேன். அவன் மயில்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

கல்யாண நாள். என் வீட்டுக்காரர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். செயின் அண்ணனைப் பந்தியில் ரசம் ஊற்றுகிற பொறுப்பில் போட்டுவிட்டார். ரசம் ஊற்றுகிறவர் பந்தி முடியும்வரை நகர முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்டபத்தில் சீர்த்தட்டு வைக்கும் நேரத்தில் வாசல் பக்கம் பார்க்கிறேன், தட்டு வரிசையின் கடைசியில் அவர் நிற்கிறார். ரசவாளியை யாரிடம் கொடுத்தாரோ தெரியவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. விரல் நகத்தில் கறுப்பு இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். கையில் பித்தளைத் தட்டு. அதன்மேல் சிவப்புப் பட்டுத்துணி.

அத்தை எழுந்துவிட்டார். "வாங்க, வாங்க, செயின் வந்துருச்சு" என்று ஒறம்பரைப் பெண்களைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து நிறுத்தினார். செயின் அண்ணன் மணமேடைக்கு முன்னால் தட்டை வைத்து, கும்பிட்டு, துணியை எடுத்தார்.

வாழையிலை. அதன்மேல் வட்டமாகச் சுருட்டி வைத்த செயின். நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகைப்பூ. வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னியது. மின்னி என்ன செய்ய? சைக்கிள் செயின் சைக்கிள் செயின்தான். சரியாக அந்த நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் மூச்சு விட நிறுத்தினார்.

"என்னங்க இது?" என்றார் அத்தை.

"செயினுங்க. மாப்பிள்ளைதுங்க."

"சைக்கிளுதுங்களே!"

"ஆமாங்க. பின்னே?" என்றார் செயின் அண்ணன், உலகத்தில் வேறு செயினும் உண்டா என்பது போல.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "இதுதானா அந்தச் செயினு?" என்று இன்னொரு குரல். அத்தையின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. மணமேடைக்கு வராமல் அறைக்குள் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கும் என் பெண்ணை நினைத்தேன்.

மாப்பிள்ளை குனிந்து செயினை எடுத்தார். விரல் நடுவில் விட்டு ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் மாதிரி இறங்கியது. "அண்ணா, இது என்னோடதுங்களா? சத்தமே இல்லீங்களே!" என்றார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, பேசாமல் செயினை இரண்டு கையாலும் தூக்கிக் கழுத்தில் போடப் போனார்.

"டேய், டேய்! பட்டுச் சட்டைடா! கறை ஆனா ஏழேழு சென்மத்துக்கும் போகாதுடா!" என்று கத்தினார் அத்தை.

"ஆகாதுங்க" என்றார் செயின் அண்ணன்.

"என்னங்க ஆகாது? செயின் கறை பத்தி எனக்கா சொல்லித்தாரீங்க? என்ற ஊட்டுக்காரரு வேட்டியில இந்தக் கறையை அடிச்சு அடிச்சே என்ற கை தேஞ்சுபோச்சு!"

"ஒரு பொட்டுக் கறை பட்டுதுன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க!" என்றார் செயின் அண்ணன்.

என் பெண்ணின் கல்யாணத்தை அவர் பாட்டுக்குச் செயின்மேல் பந்தயம் வைத்துவிட்டார். "அண்ணா, பொட்டாட்ட இருங்க" என்று நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை.

அத்தை விடவில்லை. சீர்த்தட்டிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். செயினின் ஒரு முனையைத் துண்டுக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு முனைவரை ஒரே இழுப்பாக இழுத்தார். துண்டைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை. திருப்பிப் பிடித்து மறுபடியும் இழுத்தார். வெள்ளை. சேலை முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மண்டபமே அந்தத் துண்டை எட்டிப் பார்த்தது.

அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "இதை எப்படிங்க பண்ணுனீங்க?"

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். செயின் அண்ணன் டீசலில் ஆரம்பித்தார். பிரஷ், அரப்பு, பனியன் வேஸ்ட், காது மருந்து பாட்டில் என்று ஒன்று விடாமல் சபையில் நின்று விளக்கினார். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அரப்புங்களா? அட, எனக்கு இத்தனை வருசம் தோணுலீங்களே!" அய்யர் மேடையிலிருந்து, "முகூர்த்தம் நெருங்குதுங்க, செயினைச் சித்த நேரம் கழிச்சுப் பாக்கலாம்" என்று கெஞ்சினார். அத்தை அவரைக் கையமர்த்தினார். "இருங்க சாமி, எண்ணெய்க்கு வந்துட்டாரு. கேட்டுக்கறேன்."

முழுக்கக் கேட்டு முடித்தார். பிறகு செயினைத் தாமே எடுத்து, மாப்பிள்ளையின் கழுத்தில் மாலைபோலப் போட்டார். ஒறம்பரைப் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை கழுத்துக்குச் செயின் வருதுன்னு சொன்னேன். வந்துருச்சு. என்ன சிரிப்பு? உங்க ஊட்டுல எவனாச்சும் வேட்டியில கறை படாத செயின் போட்டிருக்கானா? இருந்தாச் சொல்லுங்க, வந்து பாக்கறேன்!"

நாதஸ்வரக்காரருக்கு மூச்சு திரும்பி வந்தது.

அத்தை என் பக்கம் வந்தார். மெதுவாக, "எல்லாத் தட்டும் முறைப்படி யாரு யாருதுன்னு சொன்னீங்க. இது யாரு தட்டுங்க அம்மணி? இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் சீரை விட்டுவிடலாம் என்று நாங்கள் பேசி முடிவு செய்திருந்தோம். நான் செயின் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் கழுத்தில் ஒரு கண்ணி திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாய்மாமன் தட்டுங்கக்கா" என்றேன்.

"அப்பறம் என்னங்க பாத்துட்டு நிக்கறீங்க? பொண்ணைக் கையைப் புடிச்சுக் கூட்டியாரச் சொல்லுங்க!" என்று செயின் அண்ணனை அத்தையே அறைப்பக்கம் அனுப்பிவைத்தார்.

சுகன்யாவின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் பிடித்தார்.

இப்போது நாங்கள் அன்னூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அவர் அதே தெருவில், அதே வேலையில் இருக்கிறார். இந்தக் கதை எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. மேட்டுப்பாளையத்தில் ஒருவர் என்னிடமே, ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தங்கத்திலேயே சைக்கிள் செயின் செய்து போட்டார்களாம் என்று சொன்னார். இன்னொருவர், கறை பட்டுக் கல்யாணமே நின்றுபோயிற்று என்றார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று அதைத் தங்கமாக்கிவிடாதீர்கள். அது இரும்புச் செயின். என் பெண்ணுக்குத் தாய்மாமன் கொண்டுவந்தது.